யார் கைப் பலகாரம்?

எங்கள் நியூ ஹெப்ரான் சபையில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட மாட்டார்கள். கண்ணை மூடுவது ஜெபத்துக்கு மட்டும்தான். சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டால் கண் நன்றாகத் திறந்திருக்கும். "இது யார் கை?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவோம். பதில் பிடித்திருந்தால் தட்டில் ஒரு கரண்டி விழும். பிடிக்காவிட்டால், "டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார்" என்று ஒரு பொய் விழும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, சபை வளாகத்துக்குள்ளேயே.

பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் கவலையில்லை. இங்கே எல்லாப் பெண்களும் பாத்திரத்தின் அடியில் நகச்சாயத்தால் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். சாவு வீட்டுக்கும் சபை விருந்துக்கும் போகிற பாத்திரம் வீடு வந்து சேர வேண்டாமா? மேசைக்குப் பொறுப்பானவள் பாத்திரத்தை லேசாகத் தூக்கி அடியைப் பார்ப்பாள். பார்த்ததைப் பக்கத்தில் நிற்பவள் காதில் போடுவாள். கடைசி ஆள் வரிசையில் வந்து சேர்வதற்குள் எந்தப் பாத்திரம் காலியாகும், எது வந்தபடியே திரும்பிப் போகும் என்பது முடிவாகியிருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக என் பாத்திரம்தான் முதலில் காலியாகும். ஆகஸ்ட் முதல் ஞாயிறு, வெளியூர் போன பிள்ளைகளெல்லாம் சபைக்குத் திரும்பி வரும் நாள். அன்று பாஸ்டருக்கு வைக்கும் முதல் இனிப்புக் கிண்ணம் ஓசெல்லா டிரிக்ஸின் பீச் பழக் காப்ளர். ஓசெல்லா நான்தான். கணவர் லான்சோ போய் நான்கு வருஷமாகிறது. மகள் மேக்கன் நகரத்தில் இருக்கிறாள். போனில் வருவாள், நேரில் வரமாட்டாள். என் பெயரைச் சொன்னதும் நாலு பேர் முகம் மலர்வது அந்த ஒரு கிண்ணத்தால்தான். அதுவும் போய்விட்டால் நான் சபை வாசலில் நின்று வருகிறவர்களுக்கு விசிறி கொடுக்கிற கிழவி, அவ்வளவுதான்.

காப்ளர் விஷயத்தில் ஜார்ஜியாக்காரர்களுக்கு ஆளுக்கொரு சட்டம் உண்டு. என் சட்டம் கடுமையானது. மாவைப் பிசைந்து, உருளைக்கட்டையால் தேய்த்து, பட்டைப் பட்டையாக வெட்டி, பாகில் வெந்த பழத்தின் மேல் பாய் முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுச் சுட வேண்டும். மாவைக் கரைத்து ஊற்றிச் சுடுகிறவர்களைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. "அது காப்ளர் இல்லடி, சோம்பேறித்தனத்துக்குச் சர்க்கரை போட்டது" என்று கல்யாணமான புதுப்பெண்களிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

பேசிய வாய்க்குத் தண்டனை விரலில் வந்தது. ஜூன் மாதத்திலிருந்து என் வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிக்கொண்டு, ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க விடவில்லை. உருளைக்கட்டையைப் பிடித்தால் தோள் வரை சுரீர் என்று இழுத்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள். பாவம் பார்க்கிறவர்களுக்குப் பின்னாலேயே கரண்டியைப் பிடுங்கிக்கொள்ளவும் ஒருத்தி வருவாள்.

அந்த ஒருத்தி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெரிலின் மாப். நாற்பத்தொரு வயது. இரண்டு வருஷமாக இனிப்பு மேசை அவள் பொறுப்பில் இருக்கிறது. தேவைக்கு மேல் சிரிப்பாள். தேவைக்கு மேல் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆகவே சனிக்கிழமை மத்தியானம், ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, அந்தப் பாவத்தைச் செய்தேன்.

பழம் பழுதில்லை. சீசனின் கடைசிப் பழம்; தொட்டால் கொட்டை தானாகக் கழன்று வந்தது. தோலுரித்து, நறுக்கி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும் போட்டு அடுப்பில் ஏற்றினேன். பழம் நீர்விட்டுக் கொதிக்கும்போதுதான் என் நீளப் பாத்திரம் மகள் வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொண்டு போனவள்! அவளைத் திட்டிக்கொண்டே அலமாரியின் அடித்தட்டில் துழாவினேன். கேக் அச்சுகளுக்குப் பின்னால் ஒரு நீளக் கண்ணாடிப் பாத்திரம் அகப்பட்டது. அடியில் ஏதோ எழுத்து இருந்தது. என் அலமாரியில் இருப்பது என்னுடையதுதானே? இரண்டு வெண்ணெய்க் கட்டிகளை அதில் போட்டு ஓவனுக்குள் தள்ளினேன்.

மீதியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சுலபம். பேக்கிங் பவுடர் கலந்தே வருகிற மாவு, சர்க்கரை, பால், மூன்றும் ஒரே அளவு. ஒரு கலக்கு. உருகிய வெண்ணெய் மேல் ஊற்ற வேண்டும். அதன் மேல் பழத்தைப் பாகோடு ஊற்ற வேண்டும். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கிளறினால் கெட்டது. ஓவனுக்குள் போனதும் அடியில் கிடந்த மாவு தானாகவே பழத்துக்கிடையே புகுந்து மேலே வந்து, ஓரமெல்லாம் பொன்னிறமாக உப்பிக்கொள்கிறது. ஓவன் கண்ணாடி வழியாக அதைக் குனிந்து பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் எதற்கு இந்தத் தோளை உடைத்துக்கொண்டேன்?

அப்போது கதவு தட்டப்பட்டது. திரையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தேன். ஜெரிலின்.

என் மூளை இந்த மாதிரி நேரத்தில் நன்றாக வேலை செய்யும். மேசை மேல் ஒரு பிடி மாவைத் தூவினேன். உருளைக்கட்டையை எடுத்து அதில் ஒரு புரட்டுப் புரட்டி நடுவில் வைத்தேன். ஏப்ரனிலும் கொஞ்சம் அப்பிக்கொண்டேன். அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்! வேலை நடக்குது போல?" என்றாள் ஜெரிலின். கண் நேராக மேசைக்குப் போனது.

"நடக்குது. என்ன விஷயம்?"

"நாளைக்கு எத்தனை மேசை போடறதுன்னு கேட்கலாம்னு வந்தேன்."

"போன் இல்லையா உன்கிட்ட?"

"இந்தப் பக்கமா வந்தேன், அதான்." மூக்கை உயர்த்தினாள். "அம்மாடி, என்னா வாசனை! ஓவன்ல ஏற்கனவே வெச்சாச்சா? மாவு இப்பத்தானே தேய்ச்ச மாதிரி இருக்கு?"

"அது ஒண்ணு, இது ஒண்ணு. ரெண்டு பண்றேன்."

"ரெண்டா! உங்க கைக்கு வலிக்கலையா?"

கையைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது? "என் கைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு" என்று வலது கையை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

அவள் இன்னும் என்னவோ கேட்க வாயெடுத்தாள். ஓவன் மணி அடித்தது. "நாளைக்குப் பார்க்கலாம், கண்ணு" என்று கதவைச் சாத்திவிட்டேன். அவள் கார் வளைவில் திரும்புகிறவரை திரைக்குப் பின்னால் நின்றேன். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

ஞாயிறு காலை யாரும் வருவதற்கு முன்பே சபைச் சமையலறைக்குப் போனேன். பாத்திரத்தை அலுமினியத் தாளால் இறுக்க மூடி, மேடையின் கோடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். யாராவது தாளைத் தூக்கிவிட்டு, "பட்டை எங்கே சிஸ்டர்?" என்று கேட்டால் நான் அங்கே இருக்கக் கூடாது. ஊழியச் சீருடை வெள்ளை, கையுறையும் வெள்ளை. வீங்கிய விரலுக்கு அது நல்ல மறைப்பு. ஆராதனை முழுக்க வாசலில் நின்றேன். பாஸ்டர் வின்ஃபீல்ட் கெட்ட குமாரன் வீடு திரும்பியதைப் பற்றி ஒன்றே கால் மணி நேரம் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கண் சமையலறைக் கதவிலேயே இருந்தது. ஜெரிலின் பாட்டு முடிந்ததும் உள்ளே போனாள். இருபது நிமிஷமாகியும் வரவில்லை. அங்கே என்ன செய்கிறாள்?

சாப்பாடு பீக்கன் மரங்களுக்குக் கீழே. ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. இனிப்பு மேசையிலிருந்து பத்தடி தள்ளி, எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் நின்றுகொண்டேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் வந்தவர் டீக்கன் ஆம்ப்ரோஸ். கரண்டியை எடுத்துவிட்டார். ஜெரிலின் அவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வாழைப்பழப் புட்டிங் பக்கம் நகர்ந்தார். அடுத்து அவர் மனைவி; அவளும் நகர்ந்தாள். அட்லாண்டாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் "இது யார் கை?" என்று கேட்டார்கள். ஜெரிலினின் உதடு அசைந்தது. ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புட்டிங் காலியானது. வெண்ணெய்க் கேக்கில் தூள்தான் மிச்சம். என் காப்ளரில் மட்டும் கரண்டி, குத்திய இடத்தில் குத்தியபடி நின்றது. என் கண் முன்னால், என் சபையில், என் காப்ளரை ஒதுக்குகிறார்கள்! ஊற்றின மாவு என்று கண்டுபிடித்து ஊரெல்லாம் தமுக்கு அடித்துவிட்டாள், பாவி. அழுகை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, வந்தது ஆத்திரம்.

நேரே போய் அவள் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்தேன்.

"என்னடி ஓதறே எல்லார் காதுலயும்? அந்தக் காப்ளரைப் பத்தி என்ன சொல்றே?"

"மெதுவா சிஸ்டர், காதுல விழப்போகுது!" ஜெரிலின் சுற்றும் முற்றும் பார்த்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்றேன்."

"நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"மிர்ட்டிஸ் சிஸ்டர் வீட்டுச் சாப்பாட்டைத் தொடக் கூடாதுன்னு. பூனை. ஸ்டவ் மேல நடக்கும், மாவு டப்பாவுல தூங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அது மிர்ட்டிஸ் சிஸ்டரோடதுதானே? அடியில பேரைப் பார்த்தேனே." அவள் குரலில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. "உங்களோடதைத்தான் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன். ரெண்டு பண்ணேன்னு சொன்னீங்க. கார்லயே இருக்கா? பாஸ்டர் கிண்ணத்தைக் காலியா வெச்சுக்கிட்டுக் காத்திருக்கேன்."

மேசைக்குப் போனேன். பாத்திரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். சிவப்பு நகச்சாயம், ஓவன் சூட்டில் கறுத்துப்போய்: எம். பெக்கம்.

எப்படி வந்தது என் அலமாரிக்கு? யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லான்சோ இறந்து மூன்றாம் நாள். மார்ச் மாத மழை. சமையலறையில் துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த மூன்று பன்றித்தொடையும் எண்ண முடியாத இனிப்புப் பலகாரமும் குவிந்து கிடந்தன. மிர்ட்டிஸ் கார் பழுதாகியிருந்ததால் ஒரு மைல் நடந்தே வந்தாள். கோழியும் மாவுருண்டையும் போட்ட குழம்பு, துண்டில் சுற்றி, மார்போடு அணைத்தபடி. "சூடா இருக்கு ஓசெல்லா, ரெண்டு வாய் சாப்பிடு" என்றாள். சரி என்றேன். அவள் தலை மறைந்ததும் அப்படியே குப்பைக் கூடையில் கவிழ்த்தேன். பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். திருப்பிக் கொடுக்கப் போனால் "நல்லா இருந்துது" என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு மறந்தே போனேன்.

"அட! என் பாத்திரம்."

மிர்ட்டிஸ் பெக்கம் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எழுபது தாண்டியவள். நெட்டை. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கடைசி இருக்கையில் நடப்பதும் கண்ணில் படும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

"உங்க காப்ளர்தானே சிஸ்டர், ரொம்ப அழகா வந்திருக்கு" என்றாள் ஜெரிலின், தேவைக்கு மேல் சிரித்துக்கொண்டு.

"நான் எங்கே செஞ்சேன்? மூணு வருஷமா நான் எதுவுமே கொண்டு வர்றதில்லை."

"அப்போ... போன வருஷம் இந்தக் கோடியில பேரில்லாம இருந்த மக்ரோனி உங்களோடது இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்? ஏன், அதையும் யாரும் தொடலையா?"

ஜெரிலின் புல்லைப் பார்த்தாள். நானும் புல்லைத்தான் பார்த்தேன்.

மிர்ட்டிஸ் காப்ளரைப் பார்த்தாள். நட்டுவைத்த கரண்டியைப் பார்த்தாள். பக்கத்தில் வழித்துத் துடைத்த மற்றப் பாத்திரங்களைப் பார்த்தாள். அப்புறம் அடியில் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தாள். எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த சந்தேகங்களில் அது ஒன்றுதான் உருப்படியானது. இவளுக்கு எல்லாம் தெரியும்.

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் வின்ஃபீல்ட் வந்து சேர்ந்தார், கையில் வெறும் கிண்ணத்தோடு. பின்னாலேயே டீக்கனும் அட்லாண்டாப் பெண்களும்.

"எங்கே சிஸ்டர் ஓசெல்லா, என் பங்கு? பிரசங்கத்துல பாதியிலேயே எனக்கு நாக்கு ஊற ஆரம்பிச்சுடுச்சு."

இந்த வருஷம் செய்யவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள். அந்தப் பாத்திரம் வந்தபடியே கிடந்து, இருட்டியதும் குப்பைக்குப் போயிருக்கும், மிர்ட்டிஸின் பெயரோடு. ஆனால் என் கை செய்ததை வேறு பெயரில் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. நல்ல எண்ணமில்லை அது, கர்வம். அதை நான் மறைக்கப் போவதில்லை.

"இதுதான் பாஸ்டர்" என்றேன். "நான்தான் செஞ்சேன். பாத்திரம் மட்டும் மிர்ட்டிஸோடது."

"அவங்க பாத்திரம் உங்ககிட்ட எப்படி?" என்று கேட்டாள் ஜெரிலின்.

"லான்சோ போனப்போ கோழிக் குழம்பு கொண்டு வந்திருந்தா."

"மிர்ட்டிஸ் சிஸ்டர் சமைப்பாங்களா? எனக்குக் குடுத்து வைக்கலையே!" என்றார் பாஸ்டர். ஊருக்குப் புதியவர், ஐந்து வருஷம்தான் ஆகிறது. பூனைக் கதை அவர் காதுக்கு எட்டவில்லை. "எப்படி இருந்துது குழம்பு?"

சுற்றி நின்ற எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மிர்ட்டிஸும் பார்த்தாள்.

"நல்லா இருந்துது" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துது."

மிர்ட்டிஸ் முன்னால் வந்தாள். பாஸ்டர் கையிலிருந்த கிண்ணத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டாள். கரண்டியைப் பிடுங்கி, ஓரத்துப் பொன்னிற மாவும் நடுவில் பழமுமாகக் கிண்ணம் நிறைய அள்ளினாள். பாஸ்டருக்குத்தான் என்று அவர் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி, நிதானமாக நடந்து, மரத்தடியில் எலும்பும் காகிதத் தட்டும் நிரம்பி வழிந்த குப்பைப் பீப்பாய்க்குப் போனாள். கிண்ணத்தைக் கவிழ்த்தாள். கரண்டியால் ஒட்டியதையும் வழித்துப் போட்டாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"நல்லா இருந்துது, ஓசெல்லா" என்றாள். "ரொம்ப நல்லா இருந்துது."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டீக்கன் மனைவி, "வயசாச்சு, பாவம்" என்று முணுமுணுத்தாள். எனக்கு மட்டும் புரிந்தது. பீப்பாயில் என் பழம் கோழி எலும்பின் மேல் வழிந்துகொண்டிருந்தது. புழுக்கத்தில் நின்று நறுக்கிய பழம். வலிக்கிற விரலால் உரித்த தோல். வயிறு பற்றி எரிந்தது. இப்படித்தான் எரிந்திருக்கும் அவளுக்கும். அதுவும் மழையில் ஒரு மைல் நடந்த பிறகு.

கையுறையைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது. வாயைத் திறக்க அது தேவைப்பட்டது.

"பொய் சொன்னேன்" என்றேன் சத்தமாக. "அந்தக் குழம்பை நான் வாயிலேயே வைக்கலை. இவ தெருவுக்குப் போனதும் குப்பையில கொட்டினேன். பூனை மாவு டப்பாவுல தூங்குதுன்னு சொன்னதும் நான்தான். நான் பார்த்ததில்லை. ஸ்டவ் மேல ஒரு பூனையைப் பார்த்தேன், அதுவும் எரியாத ஸ்டவ்வு, ஒரே ஒரு தடவை. மிச்சமெல்லாம் நானா சேர்த்தது."

பாஸ்டர் இருமினார். நான் மிர்ட்டிஸைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

"தெரியும்" என்றாள் மிர்ட்டிஸ். "குடையை மறந்துட்டோமேன்னு திரும்பி வந்தேன் அன்னிக்கு. உன் பின்வாசல் வலைக்கதவு வழியாப் பார்த்தேன். அப்புறம் எங்கேர்ந்து குடையை எடுக்கறது? நனைஞ்சுக்கிட்டே போயிட்டேன்."

பின்கதவில் தொங்குகிற கறுப்புக் குடை! நான்கு வருஷமாக அதை லான்சோவின் குடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்லறைக்குப் போகும்போதெல்லாம் அவர் கூட வருவது போல அதைத்தான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறையட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிர்ட்டிஸ் இன்னொரு கிண்ணம் எடுத்து, மறுபடியும் அள்ளி, இந்த முறை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். கண்ணைச் சுருக்கினாள். இன்னொரு வாய் போட்டாள்.

"தேய்ச்ச மாவு இல்லையே இது" என்றாள், மரத்தடி முழுக்கக் கேட்கும்படி. "கரைச்சு ஊத்தினதுல்ல?"

"ஆமா" என்றேன். "விரல் போச்சு."

"சனிக்கிழமை அதுக்குத்தான் வந்தேன் சிஸ்டர்" என்று அழாத குறையாகச் சொன்னாள் ஜெரிலின். "ஜூலை விருந்துல நீங்க தட்டைப் பிடிச்ச விதத்தைப் பார்த்தேன். மாவு நான் தேய்ச்சுத் தரட்டுமான்னு கேட்கத்தான் வந்தேன். நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

அதற்குள் டீக்கன் ஆம்ப்ரோஸ் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். பாஸ்டர் அவருக்கு முன்னால் புகுந்துவிட்டார். வரிசை தானாகச் சேர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக என் முதல் கிண்ணம் பீப்பாய்க்குப் போனது. பாஸ்டருக்குக் கிடைத்தது மூன்றாவது.

பாத்திரம் காலியானதும் மிர்ட்டிஸ் அதைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"கழுவி வியாழக்கிழமை கொண்டு வா. குடையையும் கொண்டு வா. வாசல்லயே குடுத்துட்டு ஓடக் கூடாது. கோழிக் குழம்பு வைக்கறேன், உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"பூனை..." என்று ஆரம்பித்துவிட்டேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

"மூணு இருக்கு" என்றாள் அவள். "மூணும் உன்னைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கும்."

எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றாள். சரி என்றேன்.